புள்ளி வரைபடமா, வீத வரைபடமா?

அமெரிக்காவின் முதல் சிறார் நீதிமன்றம் 1899-ல் சிகாகோவில் தொடங்கியது. அதன் பதிவேடுகளை வைத்து, எந்தப் பகுதிப் பையன்கள் அதிகம் குற்ற வழக்கில் சிக்குகிறார்கள் என்று கிளிஃபோர்ட் ஷா, ஹென்றி மெக்கே என்ற இரண்டு சமூகவியலாளர்கள் நகரத்தை இரண்டு விதமாக வரைந்து பார்த்தார்கள்.

முதல் வகையில், வழக்கில் சிக்கிய ஒவ்வொரு பையனுக்கும் ஒரு புள்ளி. குற்றம் நடந்த இடத்தில் அல்ல, அவன் வீடு இருந்த இடத்தில். பார்த்ததும் புரியும், ஏமாற்றவும் செய்யும். ஜனம் நெருக்கியடித்து வாழும் தெருவில் புள்ளிகள் குவியத்தானே செய்யும்?

இரண்டாவது, அந்தந்தப் பகுதியின் ஏறக்குறைய 10 முதல் 16 வயதுப் பையன்களில் நூற்றுக்கு எத்தனை பேர் வழக்கில் சிக்கினார்கள் என்ற வீதம். என் ஓட்டு இதற்குத்தான். நகர மையத்தையும் தொழிற்சாலைகளையும் ஒட்டிய பகுதிகளில் வீதம் அதிகம், வெளியே போகப்போகக் குறைவு என்று தெளிவாகக் காட்டியது இதுதான். 1900-06, 1917-23, 1927-33 என மூன்று காலத்துக்கும் போட்டுப் பார்த்தபோது பெரும்பாலும் அதே பகுதிகளே முன்னால் நின்றன. ஜெர்மானியரும் ஐரிஷ்காரரும் போய் இத்தாலியரும் போலந்துக்காரரும் வந்திருந்தார்கள். வீதம் மட்டும் இறங்கவில்லை. 'அந்த இனமே அப்படித்தான்' என்ற பேச்சு இதன் முன் எடுபடாது.

சரி, வீதத்திலும் ஓட்டை உண்டு. பையன்கள் குறைவாக வாழும் பகுதியில் நாலைந்து வழக்குகளே அதை எகிற வைத்துவிடும். அப்புறம், போலீஸ் கண்டித்துப் பெற்றோரிடம் அனுப்பிவிட்ட பையன் இரண்டு படத்திலுமே கிடையாது.