ஆங்கிலப் பிரிபொசிஷன்: விதிப் புத்தகமா, மென்பொருளா, சொற்றொடர் நோட்டா?

பெங்களூருக்கு ஐடி வேலைக்கு வரும் நம் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் பெரும்பாலும் நன்றாகவே வருகிறது. டென்ஸ் தப்பாது, சொல்லுக்கும் பஞ்சம் இல்லை. ஆன், இன், அட், டு, ஃபார், வித் என்கிற பிரிபொசிஷன்களில், இந்தப் பொடிச் சொற்களில்தான் கால் இடறுகிறது. பெல்லந்தூரில் முதல் வேலையில் சேர்ந்திருக்கும் என் அண்ணன் மகள், "எதை வச்சுப் படிக்கட்டும், சித்தப்பா?" என்று கேட்டாள். அவளுக்குச் சொன்னதைக் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். நான் எந்தப் பக்கம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஒவ்வொரு சொல்லுக்கும் முழு வாக்கியங்களை நாமே எழுதிவைக்கும் சொற்றொடர் நோட்டின் பக்கம். மற்ற வழிகளையும் பயன்படுத்திப் பார்த்த பிறகுதான் இதில் நிலைத்தேன்.

முதலில் விதிப் புத்தகம். நேரத்துக்கும் இடத்துக்கும் இது போதும். மணி என்றால் அட், கிழமை, தேதி என்றால் ஆன், மாதம், வருடம் என்றால் இன். இன் தி மார்னிங் என்பது கிழமையோடு சேர்ந்தால் ஆன் மண்டே மார்னிங் ஆகும்; ராத்திரிக்கு மட்டும் அட் நைட். உள்ளே எழுந்து நடமாட முடிகிற வண்டி என்றால் பெரும்பாலும் ஆன்: ஆன் தி பஸ், ஆன் தி மெட்ரோ. உட்கார மட்டுமே இடம் இருந்தால் இன்: இன் தி கார், இன் தி ஆட்டோ. இதெல்லாம் ஒரு மாலையில் முடிந்துவிடும்.

இன்னும் இரண்டு விதிகளைப் புத்தகத்திலிருந்தே எடுத்துக்கொள்ளச் சொல்வேன். ஒன்று, சீனியர், ஜூனியர், சுப்பீரியர், இன்ஃபீரியர், பிரையர் ஆகியவற்றுக்குப் பின்னால் வருவது டு, 'தேன்' (than) வராது. இன்னொன்று ஆபீஸ் மெயிலில் தினமும் உதவும். டிஸ்கஸ், ரிக்வெஸ்ட், ஆர்டர், டிமாண்ட், லேக் (lack) போன்றவை வினையாக வரும்போது பிரிபொசிஷன் கேட்காது, பெயர்ச்சொல்லாக வந்தால் கேட்கும். அதனால் 'வீ டிஸ்கஸ்டு தி இஷ்யூ' என்பதில் அபவுட் கூடாது, 'வீ ஹேட் எ டிஸ்கஷன் அபவுட் தி இஷ்யூ' என்பதில் வேண்டும். 'ஐ ரிக்வெஸ்டட் லீவ்', ஆனால் 'மை ரிக்வெஸ்ட் ஃபார் லீவ்'. இந்த ஒரு விதி நூறு மெயில்களைத் திருத்தும்.

அதற்கு மேல் விதி கைகொடுக்காது. டிபெண்ட் என்றால் ஆன், கன்சிஸ்ட் என்றால் ஆஃப், குட் என்றால் அட் என்று ஏன் வருகிறது? விதி எதுவும் அதற்குப் பதில் சொல்வதில்லை. பட்டியல்தான் மிச்சம். அந்தப் பட்டியலையும் நாம் படித்த பள்ளிப் புத்தகத்தில் ஃபார் வரும் சொற்கள், வித் வரும் சொற்கள் என்று பிரிபொசிஷன்வாரியாக அடுக்கியிருந்தார்கள். இதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

அடுத்து, பிழை திருத்தும் மென்பொருள். ஆங்கிலத்தில் எழுதும்போது அது உதவும், சந்தேகமே இல்லை. டிஸ்கஸ் அபவுட், மேரிட் வித் போன்றவற்றைப் பெரும்பாலும் அடிக்கோடிட்டுக் காட்டிவிடும். ஆனால் இரண்டு வடிவமும் இலக்கணப்படி சரியாக இருந்து பொருள் மட்டும் மாறும் இடத்தில், நாம் எதைச் சொல்ல நினைத்தோம் என்பது அதற்குத் தெரியாது. 'வீ வில் டெஸ்ட் இட் பை ஃப்ரைடே' என்றால் வெள்ளிக்கிழமைக்குள் சோதனை முடிந்துவிடும். பை இருக்கும் இடத்தில் அன்டில் போட்டால் வெள்ளிக்கிழமை வரை சோதனை நடந்துகொண்டே இருக்கும். இரண்டையும் மென்பொருள் விட்டுவிடும், ஆனால் டெலிவரி தேதி மாறிப்போகும். தமிழில் 'வெள்ளிக்குள்', 'வெள்ளி வரை' என்று இரண்டும் தெளிவாகப் பிரிந்திருப்பதால் நமக்கு இங்கே ஒரு வசதி உண்டு. இந்தியில் இரண்டுக்கும் 'தக்' ஒன்றேதான். அந்தப் பழக்கத்தில் வருகிறவர்கள் டில் ஃப்ரைடே என்று எழுதிவிடுகிறார்கள். நம்மவர்களிடம் வேறு சிக்கல்: 'குள்' என்பதை அப்படியே எடுத்து வித்தின் ஃப்ரைடே என்று எழுதிவிடுவோம். வித்தின் என்பது கால அளவோடு வரும், வித்தின் டூ டேஸ் என்பதுபோல.

சரி, எழுதுவதை எப்படியாவது திருத்திக்கொள்ளலாம். என் முடிவைத் தீர்மானித்தது பேச்சு. காலையில் டீம் கூடி ஆளுக்கு ஒரு நிமிடம் பேசும் 'ஸ்டாண்டப் கால்' நடக்கையில், நம் முறை வரும்போது விதியை நினைத்துப் பார்க்க நேரம் கிடையாது, அடிக்கோடு போட்டுக் காட்ட எதுவும் கிடையாது. அந்த நொடியில் நாக்கு தமிழ் வேற்றுமை உருபையே பிடித்துக்கொள்கிறது. 'என் மேல் கோபம்' என்பது ஆங்க்ரி ஆன் மீ ஆகிறது. 'அதைப் பற்றிப் பேசினோம்' என்பதிலிருந்து டிஸ்கஸ்டு அபவுட் வருகிறது.

அப்படியானால் ஆபீஸ் நண்பர்களோடு பேசிப் பழகினால் போதாதா என்று கேட்கலாம். கூச்சம் போவதற்கு அது நல்ல வழி. பிரிபொசிஷனுக்கு மட்டும் பெங்களூர் தோதான இடமாக எனக்குத் தோன்றவில்லை. கன்னடத்தில் 'நன்ன மேலே கோப', தெலுங்கில் 'நா மீத கோபம்', இந்தியிலும் 'முஜ் பர் குஸ்ஸா' என்று சொல்வதுண்டு. எல்லார் மொழியிலும் கோபம் ஆளின் மேல்தான் வருகிறது. ஆகவே டீமில் ஒருவர் ஆங்க்ரி ஆன் மீ என்று சொன்னால் மேசையைச் சுற்றி இருக்கும் யார் காதிலும் அது உறுத்தாது. லண்டனிலிருந்து கேட்பவர் காதில் உறுத்தும், ஆனால் அவர் மரியாதைக்குத் திருத்தமாட்டார்.

சொற்றொடர் நோட்டின் பலம் இங்கேதான். பேசும்போது முதலில் வாய்க்கு வருவது ஆங்க்ரி என்ற சொல். அடுத்து என்ன வர வேண்டும் என்பதுதான் கேள்வி. வித் என்ற தலைப்பின் கீழ் ஆங்க்ரியை மனப்பாடம் செய்தவருக்கு அந்த நேரத்தில் தலைப்பு நினைவுக்கு வருவதில்லை, ஏனென்றால் தேட வேண்டியதே அந்தத் தலைப்பைத்தான். நோட்டில் ஆங்க்ரி என்ற சொல்லின் கீழ், நாம் நிஜமாகவே சொல்லக்கூடிய முழு வாக்கியத்தை எழுதுகிறோம்: 'ஷீ வாஸ் ஆங்க்ரி வித் மீ அபவுட் தி டிலே.' ஆளுக்கு வித், விஷயத்துக்கு அபவுட். ஒரே வாக்கியத்தில் இரண்டும் வந்துவிட்டன. அக்ரீ என்ற சொல்லுக்கு ஒரே மீட்டிங்கை வைத்து மூன்று வாக்கியம் எழுதலாம்: 'ஐ அக்ரீ வித் யூ', 'தி க்ளையண்ட் அக்ரீட் டு அவர் ப்ரொபோசல்', 'வீ அக்ரீட் ஆன் எ டேட்'. எழுதியதை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். கண்ணால் மட்டும் படித்தால் பலன் பாதிதான்.

வாக்கியங்களை எங்கிருந்து எடுப்பது? ஆங்கிலம்-தமிழ் அகராதி பொருளை மட்டும் சொல்லும், அதனால் இதற்கு உதவாது. கற்பவர்களுக்கென்று தனியாக எழுதிய அகராதி வேண்டும். ஜப்பானில் ஆங்கிலம் கற்பித்துக்கொண்டிருந்த ஏ. எஸ். ஹார்ன்பி, வேறு மொழிக்காரர்கள் எங்கே தடுமாறுகிறார்கள் என்று வகுப்பிலேயே பார்த்துத் தொகுத்த அகராதி 1942ல் டோக்கியோவில் வந்தது. 1948ல் ஆக்ஸ்ஃபோர்டு அதை வெளியிட்டது. இன்றைய ஆக்ஸ்ஃபோர்டு அட்வான்ஸ்டு லேர்னர்ஸ் டிக்‌ஷனரி அதன் வழியில் வந்ததுதான். ஒரு சொல்லைத் தேடினால் அதன் பின்னால் எந்தப் பிரிபொசிஷன் வரும் என்பதை எடுத்துக்காட்டோடு தடித்த எழுத்தில் காட்டும். இணையத்தில் காசில்லாமல் பார்க்கலாம். புத்தகமாக வேண்டும் என்றால் சர்ச் ஸ்ட்ரீட் பழைய புத்தகக் கடைகளில் கேட்டுப் பாருங்கள். பழைய பதிப்பே போதும், இந்தப் பொடிச் சொற்கள் பதிப்புக்குப் பதிப்பு மாறுவதில்லை.

நோட்டுக்குக் குறையும் உண்டு. மெதுவாகத்தான் பலன் தெரியும், அடுத்த வாரமே இன்டர்வியூ என்பவருக்கு இது உதவாது. பக்கங்கள் பெருகிப் பெருகி ஒருநாள் திறக்கவே மனம் வராமல் போகும் அபாயமும் இருக்கிறது. யோசிக்காமல் வாயில் வந்துவிடுகிற சொல்லை அடித்துவிட்டால் நோட்டு இளைத்தபடியே இருக்கும்.

பிரிட்டிஷ் வழக்கா, அமெரிக்க வழக்கா என்பதில் நான் பேசியது பெரும்பாலும் பிரிட்டிஷ் ஆட்களோடுதான், அதனால் அட் தி வீக்கெண்ட் என் வாயில் ஊறிவிட்டது. அமெரிக்கர்கள் ஆன் தி வீக்கெண்ட் என்பார்கள், மண்டே த்ரூ ஃப்ரைடே என்பார்கள். டிஃபரண்ட் என்ற சொல்லுக்கு ஃப்ரம் போட்டுப் பழகினால் இரண்டு பக்கமும் செல்லும்.

வெளிநாடு போகிறவர்கள் எழுதும் ஐஇஎல்டிஎஸ் என்கிற ஆங்கிலத் தேர்வை எழுதுகிறவர்களுக்கு எது சரி என்று உறுதியாகச் சொல்ல எனக்கு அனுபவம் போதாது. அதில் பேச்சுத் தேர்வு 11 முதல் 14 நிமிடம் வரை தேர்வாளரோடு நேரடி உரையாடலாக நடக்கிறது. அந்தப் பகுதிக்காவது நோட்டையே சொல்வேன். எழுத்துப் பகுதிக்கு, எழுதி நல்ல மதிப்பெண் வாங்கியவர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.