ஃப்ரீகேட் 1.0: பட்டறை வேலைக்கு அதன் மொடல் மரம் தாங்குமா?

வன்னியில் கணினியில் பாகம் வரைகிறவர்களுக்கு வரும் வேலை பெரும்பாலும் ஒரே மாதிரியானது: சூடு அடிக்கும் இயந்திரத்துக்குப் பெயாரிங் கூடு, லேண்ட்மாஸ்டர் கை உழவு இயந்திரத்துக்கு இரும்புச் சில்லு, நீர்ப்பம்புக்கு அடித்தட்டு. ஒருமுறை வரைந்தால் தீர்ந்துவிடாது. இந்தப் போகத்தில் 25 மில்லிமீற்றர் தண்டுக்குச் செய்த கூட்டை அடுத்த போகத்தில் 30 மில்லிமீற்றர் தண்டுக்குக் கேட்பார்கள். பழைய கோப்பைத் திறந்து நாலைந்து எண்ணை மாற்றியதும் முழுப் பாகமும், அதைக் கட்டிய படிகளின் பட்டியலான மொடல் மரமும் ஒழுங்காக மாறுகிறதா, சிவப்புக் குறிகளோடு உடைந்து நிற்கிறதா? கணினியில் முப்பரிமாணப் பாகம் வரையும் இலவச மென்பொருளான ஃப்ரீகேட்டின், 2024 நவம்பரில் வெளிவந்த 1.0 பதிப்பை இந்த ஒரு கேள்வியை வைத்தே இங்கு எடைபோடுகிறோம்.

சோதனைப் பாகம் 6205 பெயாரிங்குக்கான கூடு; அளவுகள் எல்லாம் மில்லிமீற்றரில். பெயாரிங்கின் உள் விட்டம் 25, வெளி விட்டம் 52, அகலம் 15. கூட்டுக்கு 100க்கு 100 சதுரத் தட்டு, தடிப்பு 12. நடுவில் 72 விட்டக் குமிழ் (உருளை மேடு), மொத்த உயரம் 24. மேலிருந்து 20 ஆழத்துக்கு 52 துளை, அடியில் பெயாரிங் அமர 4 மில்லிமீற்றர் தோள், தோளின் நடுவே 40 துளை. பெயாரிங் வெளியே வராமல் பிடிக்கும் சேர்கிளிப் வளையத்துக்கான காடி 55 விட்டம், 2.15 அகலம். மூலைகளில் எம்10 போல்ட்டுக்கு 11 மில்லிமீற்றர் துளை நான்கு, மையத்துக்கு மையம் 76.

அளவுகளை முதலில் ஃப்ரீகேட்டின் ஸ்ப்ரெட்ஷீட் அட்டவணையில் எழுத வேண்டும். வெளி விட்டம், அகலம், காடியின் விட்டம், இந்த மூன்றை மட்டும் கையால் அடித்து மற்றதைச் சூத்திரமாக்குங்கள்: குமிழ் = வெளி விட்டம் + 20, தட்டு = வெளி விட்டம் + 48, போல்ட் இடைவெளி = வெளி விட்டம் + 24, தோள் துளை = வெளி விட்டம் − 12, உயரம் = அகலம் + 9. தோள் துளையை 40 என்று நேரடியாக எழுதிவிட்டால் 30 மில்லிமீற்றர் தண்டுக்கான 6206 பெயாரிங்குக்கு மாற்றும்போது தோள் பெயாரிங்கின் உள்வளையம் வரை வந்து உரசும். போல்ட் இடைவெளியை 76 என்றே விட்டால் வாஷர் குமிழின் அடி வளைவில் ஏறி நிற்கும். கட்டங்களுக்கு அலியஸ் (சூத்திரங்களில் அழைக்கும் பெயர்) வைக்கும்போது ஒரு பொறி இருக்கிறது: எம்10, டி52 போன்ற பெயர்களை ஃப்ரீகேட் ஏற்காது, ஏனென்றால் அவை கட்டத்தின் முகவரிகள். பெயருக்குள் இடைவெளியும் கூடாது.

அடுத்தது படிகளின் வரிசை. தட்டுக்கு ஒரு பேட் (தட்டையான வரைபடத்தை உயர்த்தித் திடமாக்கும் படி). குமிழுக்கான ஸ்கெட்சை, அதாவது தட்டையான வரைபடத்தை, தட்டின் மேல்முகத்தில் வைக்கத்தான் கை போகும்; வைக்காதீர்கள். அதையும் ஒரிஜினில் உள்ள, எப்போதும் அசையாத எக்ஸ்வை தளத்திலேயே வைத்து, முழு உயரத்துக்கும் பேட் செய்தால் தட்டின் தடிப்பு மாறினாலும் குமிழ் அசையாது. துளைக்கான ஸ்கெட்சும் அதே தளத்தில்தான், அட்டாச்மென்ட் ஒஃப்செட்டில் (தளத்திலிருந்து தள்ளும் தூரத்தில்) உயரத்தின் அலியஸைக் கொடுத்து மேலே தூக்க வேண்டும். பிறகு தோள் துளை, குரூவ் கருவியால் காடி, ஒரே ஒரு போல்ட் துளை, அதை மையத்தைச் சுற்றிப் பிரதி எடுக்கும் போலார் பட்டர்னால் நான்காக்கல். குமிழடியின் 5 மில்லிமீற்றர் ஃபில்லட்டும் (வளைவும்) துளைவாயின் 1 மில்லிமீற்றர் சாம்ஃபரும் (சரிவு வெட்டும்) கடைசியில்தான் வர வேண்டும். மூலை வளைவை ஸ்கெட்சுக்குள்ளேயே போடும் பழக்கத்தை விட்டுவிடுவது நல்லது. கட்டுப்பாடுகள் பெருகி, பிறகு அந்த ஸ்கெட்சைத் தொடவே மனம் வராது.

இந்தக் கண்டிப்புக்குக் காரணம் உண்டு. ஃப்ரீகேட் முகங்களையும் விளிம்புகளையும் எண்ணால் அழைக்கிறது. முன்னைய பதிப்புகளில் நடுவே ஒரு துளை சேர்த்தாலே 6ஆம் முகம் 9ஆம் முகமாகிவிடும். அதில் பொருத்திய ஸ்கெட்ச் வேறெங்காவது போய் ஒட்டிக்கொள்ளும். 1.0 இதைப் பெருமளவு தணித்திருக்கிறது, எண் மாறினாலும் பெரும்பாலும் சரியான முகத்தைக் கண்டுபிடிக்கிறது. இந்தப் பதிப்புக்கு மாற இது ஒன்றே போதிய காரணம். ஆனால் முகமே இல்லாமல் போனால் எந்த மென்பொருளும் அதைத் தேடித் தர முடியாது. ஃபில்லட் உண்டாக்கிய முகத்தில் ஸ்கெட்ச் வைத்துவிட்டுப் பிறகு ஃபில்லட்டை அழிப்பவருக்கு 1.0லும் அதே தலையிடிதான். ஃபில்லட்டின் ஆரை பக்கத்தில் உள்ள இடத்தைவிடப் பெரிதானால் “பிரெப் ஏபிஐ: கமாண்ட் நொட் டன்” என்று நிற்கும். அப்போது ஆரையைக் குறைத்துப் பாருங்கள், அதற்கு முன்னுள்ள படிகளைக் குழப்ப வேண்டாம்.

பெரிய குறை, பாடிக்குள் (ஒரு பாகத்தின் படிகள் எல்லாம் அடங்கும் தொகுதிக்குள்) படிகளைக் கோப்புறையாகக் கட்ட வழியில்லை. இதே வேலைக்கான சொலிட்வேர்க்ஸ் மென்பொருளில் அடுத்தடுத்து உள்ள படிகளைத் தெரிந்து ஒரு கோப்புறையில் மடித்து வைக்கலாம், ஒன்ஷேப்பிலும் முடியும். இங்கே பேட், பேட்001, பொக்கெட்003 என்று மரம் நீண்டுகொண்டே போகும். எஃப்2 அழுத்திப் பெயர் மாற்றுவதே மருந்து. தமிழில் பெயர் வைக்கலாம், சிக்கல் வராது: 10_தட்டு, 20_குமிழ், 30_பெயாரிங்_துளை, 40_காடி, 50_போல்ட், 90_ஃபில்லட். எண்களைப் பத்துப் பத்தாகத் தாவவிட்டால் இடையில் ஒன்று நுழைக்க இடமிருக்கும். ஸ்கெட்சுக்கும் அதே எண்ணைக் கொடுங்கள். படிகளின் எண்ணிக்கை 60ஐத் தாண்டும் பாகத்துக்கு இதுவும் போதாது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

இடையில் படி சேர்க்க, முந்திய படியை வலது சொடுக்கி ‘செட் டிப்’ கொடுத்து, அதைப் பாகத்தின் இறுதிப் படியாக்கிவிட்டுத் தொடங்கலாம். முடிந்ததும் டிப்பைக் கடைசிப் படிக்குத் திருப்ப மறந்தால் வெட்டுபவருக்கு அனுப்பும் ஸ்டெப் கோப்பில் (மென்பொருள்களுக்கிடையே உருவத்தைப் பரிமாறும் கோப்பு வகை) ஃபில்லட்டும் சாம்ஃபரும் இருக்காது, திரையிலும் எச்சரிக்கை வராது. அனுப்புமுன் டிப் எங்கே நிற்கிறது என்று பார்ப்பதைப் பழக்கமாக்குங்கள். ஒரு படியை அழிக்காமல் அணைத்து வைக்கும் சப்பிரஸ் வசதி 1.0ல் வந்திருக்கிறது. போல்ட் துளை இல்லாத கூடு கேட்பவருக்குத் தனிக்கோப்பு தேவையில்லை.

ஃப்ரீகேட்டில் கோப்பு சொந்தக் கணினியிலேயே இருக்கிறது, இணையம் வேண்டாம், பணமும் இல்லை. ஒன்ஷேப்பின் இலவசத் திட்டத்தில் வரைந்தது எல்லாருக்கும் தெரியும்படி இருக்கும். ஃபியூஷன் மென்பொருளின் தனிநபர் உரிமத்தில் திருத்தக்கூடிய கோப்புகள் ஒரு நேரத்தில் பத்துத்தான். மின்சாரம் நின்றுபோகும் இடங்களில் தானியங்கிச் சேமிப்பின் 15 நிமிட இடைவெளியை 5 ஆக்கிவிடுங்கள்.

கிளிநொச்சி அறிவியல் நகர்ப் பொறியியல் பீடத்தில் படிக்கும் பிள்ளைகள் சொலிட்வேர்க்ஸ் கோப்பாகவே கொண்டுவந்தால் ஃப்ரீகேட் திறக்காது. ஸ்டெப்பாக வாங்கலாம்; உருவம் வரும், மரம் வராது. திருத்த வேண்டிய பாகமென்றால் அளவுகளை வாங்கி மேற்சொன்ன வரிசையில் புதிதாகக் கட்டுவதே விரைவு.

6206க்கு வெளி விட்டம் 62, அகலம் 16, காடி 65 என மூன்று எண் மாற்றியதும் தட்டு 110, குமிழ் 82, போல்ட் இடைவெளி 86, தோள் துளை 50, உயரம் 25 என்று வந்து நிற்க வேண்டும். இந்த ஒழுங்கில் கட்டிய மரம் அதைத் தாங்கும். முகத்தின்மேல் முகமாக அடுக்கிய மரத்துக்கு 1.0 என்றாலும் உத்தரவாதம் சொல்ல முடியாது.