மானிய விண்ணப்பம் எழுதித் தரும் சேவை: எங்கள் வடிகாலுக்குக் கிடைத்ததும் கிடைக்காததும்

எங்கள் குடியிருப்போர் சங்கத்துக்கு நான்தான் செயலாளர். முப்பது வருடம் கிடங்கில் இருப்புப் பதிவேடு எழுதிய கை இது. விண்ணப்பம் எழுதுவதெல்லாம் ஒரு வேலையா என்று நினைத்து முதல் தடவை நானே எழுதி அனுப்பினேன். மழைநீர் வடிகால் ஒன்று, அதை ஒட்டிய விளையாட்டுத் திடலை மண் நிரப்பிச் சமன்படுத்துவது ஒன்று. 100க்கு 58 மதிப்பெண் வந்தது. 70 வாங்கினால்தான் அடுத்த கட்டம். கூடவே வந்த குறிப்பில் ஒரு வரி: தேவை விவரிக்கப்பட்டுள்ளது, நிரூபிக்கப்படவில்லை. இரண்டு நாள் எனக்குச் சரியான கோபம்.

அடுத்த சுற்றுக்கு உள்ளாட்சி அலுவலகமும் நாங்களும் பேசி ஓர் ஆலோசனை நிறுவனத்தைப் பிடித்தோம். பெயர் வேண்டாம், குறையும் சொல்லப்போகிறேன்.

முதலில் கட்டணம். மூன்று இடத்தில் விசாரித்தோம். ஒருவர், "இப்போ எதுவும் தர வேண்டாம், மானியம் வந்தா அதுல 8 சதவீதம் கொடுங்க" என்றார். கேட்க இனிப்பாகத்தான் இருந்தது. ஆனால் மானியத்தை ஒப்புதல் தந்த வேலைகளுக்கு மட்டுமே செலவழிக்கலாம். விண்ணப்பம் எழுதிய கூலியைப் பெரும்பாலும் அந்தக் கணக்கில் ஏற்க மாட்டார்கள். அந்த 8 சதவீதம் யார் பையிலிருந்து போகும்? அமெரிக்காவின் ஏ.எஃப்.பி. என்ற நிதி திரட்டுவோர் சங்கம் இப்படி விகிதக் கமிஷன் வாங்குவதைத் தன் நெறிமுறையிலேயே தடுத்திருக்கிறது. நாங்கள் பிடித்தவர்கள் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் ஒரே தொகை என்றார்கள். சரி என்றோம்.

இடத்தைப் பார்க்க ஒரு பெண் வந்தார். வயது முப்பதுக்குள் இருக்கும். நான் வழக்கம்போல, மழை பெய்தால் தண்ணீர் ரொம்ப நேரம் நிற்கும் என்று ஆரம்பித்தேன்.

"ரொம்ப நேரம்னா எத்தனை மணி நேரம் சார்?"

யாருக்குத் தெரியும்? "எத்தனை வீடு?" அதற்கும் பதில் இல்லை. அவர் நோட்டை மூடிவிட்டார். "ரெண்டு மழை போகட்டும் சார். அளந்து வைங்க, அப்புறம் எழுதலாம்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். காசு கொடுத்து ஆள் வைத்தால் வேலையை நம் தலையிலேயே கட்டுகிறார்களே என்று நினைத்தேன். ஆனாலும் கீழ்த்தெரு முனைச் சுவரில் ஒரு சாண் இடைவெளிக்குப் பெயின்ட்டால் கோடு போட்டோம். எதிரே தையல் கடை வைத்திருப்பவர் தண்ணீர் எந்தக் கோட்டுக்கு ஏறியது, எப்போது இறங்கியது என்று தன் அளவு நோட்டின் கடைசிப் பக்கத்தில் குறித்துக்கொண்டே வந்தார். மூன்று மழைக்குப் பிறகு விடை கிடைத்தது: 23 வீடுகள், அதிகபட்சம் 19 மணி நேரம். அந்த நோட்டுப் பக்கத்தின் நகல் விண்ணப்பத்தின் இணைப்பாகவே போனது. கட்டுரை எழுதிக் கொடுத்ததற்கு அல்ல, இதற்குத்தான் அவர்களுக்குக் காசு கொடுத்தோம் என்று இப்போது சொல்வேன்.

அடுத்து அந்தப் பெண், லாக்ஃபிரேம் என்று திட்டம் முழுவதையும் சுருக்கிக் காட்டும் ஓர் அட்டவணை போட்டார். 1969இல் அமெரிக்க உதவி முகமையான யு.எஸ்.எய்டுக்காக உருவான முறை. நான்கு வரிசை, நான்கு பத்தி: என்ன செய்யப்போகிறோம், எதை வைத்து அளப்போம், அதற்கு அத்தாட்சி எங்கே, எதெல்லாம் நம் கையில் இல்லை. மூன்றாவது பத்தியைப் பார்த்ததும் எனக்குக் கிடங்கு ஞாபகம் வந்துவிட்டது. பதிவேட்டில் இல்லாத சரக்கு, சரக்கே இல்லை.

எங்கள் பங்கு 25 சதவீதம் காட்ட வேண்டும். கையில் அவ்வளவு கிடையாது. திடலில் கல் பொறுக்குவதும் மண் பரப்புவதும் ஆட்களை வைத்துச் செய்தால் கூலிதானே, ஆர்வலர்களின் உழைப்பையும் பங்களிப்பாகக் காட்டலாம் என்று வழி சொன்னவரும் அவர்தான். ஆனால் வந்த நேரம், போன நேரம், கையெழுத்து எல்லாம் இருக்க வேண்டும். "இவ்வளவு பேர் வந்தார்கள்" என்று போட்டோ காட்டினால் செல்லாது.

இனி குறைகள். முதல் வரைவில் "ஆற்றங்கரையோர மக்களின் நெடுநாள் துயரம்" என்று ஒரு பத்தி இருந்தது. எங்கள் ஊரில் ஆறே கிடையாது. வேறு யாருக்கோ எழுதியதை எடுத்து ஒட்டியிருக்கிறார்கள். அந்தப் பெண் எழுதியதில்லை, அலுவலகத்தில் வேறு யாரோ. ஆகவே வரைவை வரி வரியாகப் படியுங்கள்.

அடுத்தது பெரிய குறை. நிலம் உள்ளாட்சியுடையது என்பதால் விண்ணப்பதாரரும் அவர்கள்தான், நாங்கள் கூட்டாளி மட்டுமே. அதற்கு மன்றத் தீர்மானம் வேண்டும். இதை ஆலோசனை நிறுவனத்தார் கடைசித் தேதிக்கு ஒன்பது நாள் முன்புதான் சொன்னார்கள். மன்றம் கூடுவதோ மாதம் ஒருமுறை. தலைவர் அவசரக் கூட்டம் போட்டதால் பிழைத்தோம்.

83 மதிப்பெண்ணோடு மானியம் கிடைத்தது. கிடைத்ததும் நிறுவனம் காணாமல் போனது. உண்மையான வேலை அப்போதுதான் ஆரம்பிக்கிறது என்பது எங்களுக்குத் தெரியவில்லை. பணம் முன்கூட்டி வராது. செலவு செய்து, பில்லோடு கேட்டால்தான் திரும்ப வரும். இது மானிய ஒப்பந்தத்தின் 14ஆம் பக்கத்தில் ஒரு வரியாக இருந்தது, யாரும் வாய் திறந்து சொல்லவில்லை. உள்ளாட்சி அலுவலகம் தன் நிதியிலிருந்து முன்பணம் போட்டதால் வேலை நிற்கவில்லை. சிறிய சங்கம் தனியாக மாட்டியிருந்தால் கதை கந்தல்தான். காலாண்டு அறிக்கைக்குப் படிவம் கேட்டு நிறுவனத்துக்கு மூன்று மின்னஞ்சல் அனுப்பினேன். "அது எங்கள் பணி வரம்பில் இல்லை" என்று ஒரு பதில். அவர்களோடு போட்ட ஒப்பந்தத்தைப் பார்த்தால், ஆமாம், இல்லைதான்.

ஒன்று மட்டும் அந்தப் பெண் போகிறபோக்கில் சொல்லியிருந்தார்: "அனுமதி உத்தரவு கைக்கு வராம ஒரு குழிகூட வெட்டாதீங்க சார்." நாங்கள் குழாய்க்கு ஆர்டர் கொடுக்க இருந்த வாரம் அது. உத்தரவுத் தேதிக்கு முந்தைய பில் எதையும் ஏற்க மாட்டார்கள் என்று பிறகு தெரிந்தது.

நட்சத்திரம் கேட்டால் ஐந்துக்கு மூன்றரை. மானியம் வந்த பிறகு முதல் இரண்டு அறிக்கைகளும் அவர்கள் வேலைதான் என்று எழுத்தில் வாங்கிக்கொண்டால் நான்கு தரலாம். வடிகால் முடிந்துவிட்டது, திடலில் பாதி பாக்கி. அடுத்து தெருவிளக்குக்கு எழுதலாம் என்று பேச்சு நடக்கிறது. அந்தப் பெண் இன்னும் அங்கேதான் வேலை பார்க்கிறாரா என்று விசாரித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போடுவேன்.