மாலை கட்டும் இடுப்புக்கு பிசியோதெரபி: என் ஐந்து மாத அனுபவம்

சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவில், பஃபலோ ரோட்டில் 19 வருடமாக மாலை கட்டுகிறேன். காலையில் தாழ்வான ஸ்டூலில் குனிந்து உட்கார்ந்தால் எழுந்திருக்க மதியமாகிவிடும். தைப்பூசத்துக்கு முந்தின வாரம், பூ நிறைந்த தண்ணீர் வாளியைத் தூக்கினேன். இடுப்பில் பளிச்சென்று வெட்டியது. அப்புறம் வலி இடது காலில் இறங்கிக் கட்டைவிரல்வரை போனது.

முதலில் போனது, முதுகெலும்பை நேராக்கித் தருவதாக விளம்பரம் செய்த ஒரு இடத்துக்கு. எக்ஸ்ரே எடுத்து, "தண்டு வளைந்திருக்கிறது, 24 தடவை வரணும்" என்று சொல்லி, மொத்தப் பணத்தையும் அன்றைக்கே கேட்டார்கள். நல்லவேளை, தவணையாகத்தான் கொடுத்தேன். போன மூன்று தடவையும் படுக்கையிலிருந்து எழும்போது லேசாக இருந்தது, வீடு போய்ச் சேருவதற்குள் வலி திரும்பிவிட்டது.

பிறகுதான் பலதுறை மருந்தகம் (பாலிகிளினிக்) போனேன். டாக்டர் எழுதிக் கொடுத்து அரசு மருத்துவமனை பிசியோதெரபிக்கு அனுப்பினார். தேதி கிடைக்க ஏறக்குறைய ஆறு வாரம். வலியோடு இருக்கிறவர்களுக்கு அது ரொம்ப நீளம்.

ஆனால் முதல் நாளே மனசு தெளிந்தது. பார்த்தது ஒரு இளம்பெண், நம்ம தமிழ்ப் பிள்ளை. காலை நீட்டித் தூக்கிப் பார்த்தார், முழங்காலில் தட்டினார், கட்டைவிரலை மேலே தூக்கச் சொல்லித் தன் கையால் எதிர்த்து அழுத்தினார். சிறுநீர் போவதில் சிரமம் உண்டா, தொடைகளுக்கு நடுவே மரத்துப்போகிறதா என்றும் கேட்டார். அப்படி இருந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் அவசரப் பிரிவுக்குப் போகவேண்டுமாம். கடைசியில் கையில் ஒரு துண்டைக் கொடுத்து, "மாலை கட்டுற மாதிரி உட்காருங்க அக்கா" என்றார். உட்கார்ந்தேன். "இதுதான் விஷயம்" என்றார்.

டிஸ்க், அதாவது முதுகெலும்புகளுக்கு நடுவே மெத்தை மாதிரி இருக்கும் வட்டு, 'விலகி' ஓடிவிடுவதில்லை, பிதுங்கி நரம்பை உறுத்துகிறது என்று புரியவைத்தார். வலியே இல்லாத எத்தனையோ பேருக்கும் ஸ்கேனில் டிஸ்க் பிதுங்கித் தெரியுமாம். எக்ஸ்ரேயில் தெரியும் சின்ன வளைவும் அப்படித்தானாம். மூன்று தடவை பயந்து பணம் கொடுத்தது நினைவுக்கு வந்து கண் கலங்கிவிட்டது.

எனக்குக் கொடுத்த முக்கியமான பயிற்சி, குப்புறப் படுத்துக் கைகளை ஊன்றி, இடுப்பைத் தரையில் விட்டபடி நெஞ்சை மட்டும் உயர்த்துவது. பத்துப் பத்தாக, நாளுக்குப் பல தடவை. "கால் வலி குறைஞ்சு இடுப்பில் கூடினா பயப்படாதீங்க, வலி மேலே ஏறுறது நல்ல அறிகுறி. காலில் இன்னும் கீழே இறங்கினா நிறுத்திட்டு எனக்குச் சொல்லுங்க" என்றார். இதை முன்கூட்டியே சொல்லாமல் இருந்திருந்தால் நாலாம் நாளே விட்டிருப்பேன். அன்றைக்கு இடுப்பு அப்படி வலித்தது, கால் மட்டும் சும்மா இருந்தது.

மூன்றாவது வாரத்திலிருந்து இடுப்பைத் தூக்கும் பயிற்சி, நாலுகாலில் நின்று எதிரெதிர்க் கைகாலை நீட்டுவது எல்லாம் சேர்ந்தது. கடையில் மேசையை உயர்த்திக்கொண்டேன். அரைமணிக்கு ஒரு தடவை எழுந்து நிற்கிறேன். வாளியில் பாதித் தண்ணீர்தான்.

இப்போது கால் வலி இல்லை. மழை நாளில், நிறைய ஆர்டர் வந்தால், இடுப்பு கொஞ்சம் பிடிக்கும்.

ஒரு குறை: பயிற்சித் தாள் ஆங்கிலத்தில் மட்டும்தான் இருந்தது. மகன் ஒவ்வொரு படத்துக்குக் கீழும் தமிழில் எழுதிக் கொடுத்தான். அதைக் கடைத் தூணில் ஒட்டியிருக்கிறேன். பக்கத்துக் கடை அக்கா போன வாரம் போட்டோ எடுத்துக்கொண்டு போனார். அவரையும் முதலில் டாக்டரிடம் காட்டச் சொல்லியிருக்கிறேன்.