மீன் குளத்துப் பாசிக்கு மருந்து அடிக்க வருபவரிடம் எச்சரிக்கையாக இருங்கள்

பெங்களூரு ராமமூர்த்தி நகர், ஹொரமாவு பக்கம் வீட்டில் மீன் குளம் வைத்திருப்பவர்கள் இதைப் படித்துவிட்டு அக்கம்பக்கத்தில் சொல்லுங்கள். குளம் பராமரிப்பு என்று ஒருவர் வீடு வீடாக வந்துகொண்டிருக்கிறார். நம் ஊர்க்காரர்போல் சரளமாகத் தமிழ் பேசுவார். "அண்ணா, அக்கா" என்று உரிமையோடு உள்ளே வருவார். எங்களிடம் 18,000 ரூபாய் வாங்கிக்கொண்டு, குளத்து மீன்களையெல்லாம் கொன்றுவிட்டுப் போயிருக்கிறார். ரசீது என்று கொடுத்தது பெயரோ முகவரியோ இல்லாத ஒரு துண்டுச் சீட்டு.

எங்கள் குளம் 6,000 லிட்டர் பிடிக்கும். பெரும்பாலும் மொட்டை மாடியிலிருந்து இறங்கும் மழைநீர்தான். கோடையில் அதில் ஒரு முரட்டு இழைப்பாசி பிடித்தது. வெயில் ஏறினால் கொத்துக் கொத்தாக மேலே மிதக்கும், இரவில் அடியில் படிந்துவிடும். அள்ளிப் பிழிந்தால் வழவழப்பே இல்லை. நனைந்த பஞ்சுபோல் சொரசொரப்பாகக் கையில் நின்றது.

அந்த ஆள் தண்ணீரில் கைகூட வைக்கவில்லை. படிக்கட்டில் நின்றபடியே, "புற ஊதா விளக்கு மாட்டினால் ஒரு வாரத்தில் தெளிந்துவிடும்" என்றார். அந்த விளக்கு, தண்ணீரோடு கலந்து அதன் வழியாக ஓடும் நுண்பாசியை மட்டும்தான் கொல்லும். குளமே பச்சை மையாக இருந்தால் பலன் உண்டு. கல்லிலும் அடியிலும் பற்றிக்கொண்டிருக்கும் இழைப்பாசியை அது தொடவே தொடாது. இது தெரியாமல் யாரும் இந்தத் தொழிலுக்கு வர முடியாது. தெரிந்தேதான் விற்றார்.

விளக்கு வேலை செய்யவில்லை என்றதும் பெயர்ச்சீட்டு இல்லாத ஒரு பையோடு வந்தார். உள்ளே நீலப் படிகம், மயில்துத்தம் என்கிற செம்பு சல்பேட். அது பாசியைக் கொல்லும் என்பது உண்மைதான். ஆனால் நீரின் மொத்தக் காரத்தன்மையை (pH அல்ல, லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்று அளப்பது) அளக்காமல் அதைப் போடவே கூடாது. காரத்தன்மையை 100ஆல் வகுத்தால் வரும் எண்தான் லிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் மயில்துத்தம் என்ற கணக்கு. காரத்தன்மை 50க்குக் கீழே இருந்தால் பையைத் திறக்கவே கூடாது. மழைநீரில் அது மிகக் குறைவு. 100 இருந்தால்கூட எங்கள் குளத்துக்கு 6 கிராம் போதும், ஒரு தேக்கரண்டி அளவு. அவரோ கைநிறைய அள்ளி வீசினார்.

மறுநாள் விடியற்காலையில் மீன்களெல்லாம் நீர்மட்டத்தில் வாயைத் திறந்து திறந்து மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருந்தன. செம்பு செவுளை அரிக்கிறது. மடிந்த பாசி அழுகும்போது மிச்சமிருக்கும் ஆக்சிஜனையும் உறிஞ்சிவிடுகிறது. மதியத்துக்குள் அம்மா பெயர் வைத்து வளர்த்த கோய் கெண்டை உட்பட எல்லாம் போய்விட்டன.

தொலைபேசியில் கேட்டபோது, "உங்கள் மீனுக்கு ஏற்கெனவே நோய், அக்கா" என்றார். அப்படியானால் அடியில் கிடந்த நத்தைகள் ஒன்றுவிடாமல் செத்தது எப்படி? மீன் நோய் நத்தைக்கு வராது. செம்பு நத்தையைக் கொல்லும். அதோடு விட்டாரா, குளத்து நீரை வாசல் கால்வாயில் திறந்துவிடச் சொன்னார்! இந்த ஊரில் மழைநீர்க் கால்வாய் கடைசியில் ஏதாவது ஓர் ஏரியில்தான் போய்ச் சேரும். எனக்கு இன்றுவரை ஆறாத கோபம் இதில்தான்.

இத்தனைக்கும் பிறகு அந்தப் பாசி திரும்ப முளைத்துவிட்டது. கல்லூரியில் தாவரவியல் கற்பிக்கும் என் நாத்தனார் ஓர் இழையை நுண்ணோக்கியில் வைத்துக் காட்டினார். கிளைவிட்ட இழையில் இடையிடையே கருத்த பீப்பாய் வடிவ வித்துகள். பித்தோபோரா என்ற வகையாம். செம்புக்கு எளிதில் அடங்காது. அந்த வித்துகள் சேற்றில் கிடந்து மறுபடி தழைக்கும். மயில்துத்தம் போட்டது அடிப்படையிலேயே வீண்.

இப்போது தண்ணீரை மாற்றி, அடிச்சேற்றை வாரி எடுத்துவிட்டோம். புதிதாக வருவதை முள்வாரியால் சுருட்டிக் கரையேற்றுகிறோம். அல்லிக் கொடி பாதிக் குளத்தை மூடும்வரை விட்டிருக்கிறோம். வெயில் குறைந்தால் பாசியும் குறைகிறது. தோட்டத்து உரம் குளத்தில் வடியாமல் வரப்பு கட்டியாயிற்று.

நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் கொடுத்திருக்கிறேன். அவரிடம் பணம் கொடுத்தவர்கள் வேறு யாராவது இருந்தால் துண்டுச் சீட்டையும் மருந்துப் பையையும் எறிந்துவிடாதீர்கள், எனக்கு எழுதுங்கள். சேர்ந்து வழக்குத் தொடுப்போம்.