டாரா லைட்பிரிட்ஜ்: 20 கி.மீ. என்பதை அப்படியே நம்பலாமா?

டாரா கம்பெனியின் லைட்பிரிட்ஜ், கேபிள் புதைக்க முடியாத இடத்தில் ஒளிக்கற்றை வழியே டேட்டா அனுப்பும் கருவி. டிராஃபிக் சிக்னல் விளக்கு அளவுதான். இரு முனையிலும் ஒவ்வொன்று, நடுவில் மறைப்பு கூடாது. 20 கிகாபிட் வேகம், 20 கி.மீ. தூரம் வரை என்கிறது கம்பெனி. வேகத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. இடிப்பது தூரக் கணக்குதான்.

ஆப்பிரிக்காவில் பிரஸ்ஸவில், கின்ஷாசா நகரங்களுக்கு இடையே, காங்கோ ஆற்றின் மேலே 2021இல் இயங்கிய டாரா இணைப்பைத்தான் எல்லோரும் உதாரணம் காட்டுவார்கள். தூரம் சுமார் 5 கி.மீ.; கேபிள் வழி என்றால் 400 கி.மீ.க்கு மேல் சுற்று. 20 நாளில் கிட்டத்தட்ட 700 டெராபைட் போனது; 99.9 சதவீத நேரம் லிங்க் அறுபடவில்லை. நல்ல எண்தான். ஆனால் 20 நாளை வைத்து வருஷத்தை அளக்க முடியாது. அதோடு, வருஷம் முழுக்க 99.9 என்றாலும் எட்டே முக்கால் மணி நேரம் லிங்க் இருக்காது. அது பரவலாக வராது, நாலைந்து பனிக்காலக் காலைகளில் மொத்தமாக வந்து விழும்.

பலரும் மழைக்குப் பயப்படுகிறார்கள். எமன் மூடுபனிதான். அதன் துளி சில மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்). இந்த வகைக் கருவிகளில் வழக்கமான ஒளியின் அலைநீளம் 1.55 மைக்ரான். அளவு நெருங்கி வருவதால் ஒளி சிதறிப்போகும். மணிக்கு 25 மி.மீ. மழை கொட்டினாலும் இழப்பு கி.மீ.க்குப் பத்து டெசிபலுக்குள் அடங்கும். மூடுபனியில் 200 மீட்டர் வரைதான் கண்ணுக்குத் தெரிகிறது என்றால் கி.மீ.க்குச் சுமார் 85 டெசிபல், 50 மீட்டர் என்றால் 340. பத்து டெசிபல் போனாலே பத்தில் ஒரு பங்கு ஒளிதான் மிச்சம் என்பதால், பவரைக் கூட்டிப் பயனில்லை.

கம்பம் லேசாக ஆடினால் உள்ளே இருக்கும் கண்ணாடி தானே திரும்பிக் கற்றையைச் சரிசெய்துகொள்ளும். வெயிலில் காய்ந்த தகரக் கூரையை ஒட்டிக் கற்றை போனால் மதியம் சிக்னல் துடிக்கும், கம்பத்தை உயர்த்துங்கள். முகப்புக் கண்ணாடியில் படிந்த தூசி முதல் தூறலில் சேறாகிவிடும், கோடை முடிவில் ஒருமுறை துடைப்பது நல்லது.

வாங்கும் முன் பக்கத்து விமான நிலையத்தின் மணிவாரிப் பார்வைத் தூரப் பதிவுகளை மூன்று வருஷத்துக்கு எடுத்து, 1 கி.மீ.க்குக் கீழே போன மணிகளை எண்ணுங்கள். அந்த எல்லையிலேயே கி.மீ.க்குச் சுமார் 10 டெசிபல் இழப்பு, 5 கி.மீ.க்கு 50. சென்னைக்காரர்கள் போகி விடியற்காலையைத் தனியாகப் பார்க்கவும்.

கூடவே ஒரு ஈ-பேண்ட் ரேடியோ (ஒளிக்குப் பதில் ரேடியோ அலையில் டேட்டா அனுப்பும் கருவி) அவசியம். 80 கிகாஹெர்ட்ஸில் அலை 4 மி.மீ. நீளம், மூடுபனி அதைத் தொடாது, கனமழைதான் கெடுக்கும். இரண்டும் ஒரே நேரத்தில் படுப்பது அபூர்வம். ஒளி லிங்க் முழுதாக அறுந்த பிறகு ரேடியோவுக்கு மாறும்படி ரூட்டரை வைக்காதீர்கள். பெறும் ஒளி குறையத் தொடங்கும்போதே மாறட்டும். பனி கலையும் நேரத்தில் லிங்க் வந்து வந்து போகும். ஐந்து நிமிடம் சீராக நின்ற பிறகே ஒளிக்குத் திரும்பும்படி டைமர் வையுங்கள். ரேடியோவின் வேகம் குறைவு என்பதால், அந்த நேரத்தில் குரல் அழைப்புகளுக்கே முன்னுரிமை கொடுக்கவும்.