பாதிப் புலமைப்பரிசிலுக்கு எல்லை தாண்டலாமா? கனடாப் பிள்ளைகளின் கூடைப்பந்துக் கணக்கு

மகள் போன செப்டெம்பரில் ஒன்ராறியோவில் ஒரு பல்கலைக்கழக அணியில் சேர்ந்துவிட்டாள். அமெரிக்காவில் ஒரு டிவிஷன் 2 (அங்கே கல்லூரி விளையாட்டின் இரண்டாம் தட்டு) கல்லூரியும் பாதிப் புலமைப்பரிசில் தருவதாகக் கூப்பிட்டிருந்தது. ஏன் அங்கே விடவில்லை என்று ஆட்கள் இன்னும் கேட்கிறார்கள், அதுதான் எழுதுகிறேன். நான் யு ஸ்போர்ட்ஸ், அதாவது கனடாப் பல்கலைக்கழக விளையாட்டுப் பக்கம் சாய்கிற ஆள், அதை மனதில் வைத்துக்கொண்டு வாசியுங்கள்.

மேல்தட்டான டிவிஷன் 1 இல் முழுப் புலமைப்பரிசில் கிடைத்து, பிள்ளைக்கும் விருப்பம் என்றால் யோசிக்க ஒன்றுமில்லை, அனுப்பிவிடுங்கள். பிறகு தொழில்முறையில் பெயரெடுத்த கனடாக்காரர்களில் ஜமால் மரே, ஷே கில்ஜஸ்-அலெக்சாண்டர் கென்டக்கிக்குப் போனார்கள், கியா நேர்ஸ் கனெக்டிகட்டுக்கு. அந்த வசதியும் அந்தக் கூட்டமும் இங்கே கிடையாது. ஆனால் அணி மாறுகிறவர் ஓராண்டு வெளியே இருக்க வேண்டும் என்ற விதி 2021 இல் தளர்ந்த பிறகு, பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளையை எடுத்து வளர்ப்பதைவிட, இரண்டு மூன்று வருடம் கல்லூரியில் ஆடிப் பழகியவரை எடுப்பதே பல பயிற்சியாளர்களுக்கு வசதியாகிவிட்டது. அங்கே கல்லூரி ஆட்டக்காரர் தன் பெயரை வைத்து எடுக்கலாம் என்கிற விளம்பரக் காசை நம்பிப் போகிறவர்களுக்கும் ஒன்று: ரொறன்ரோவில் வளர்ந்த சாக் ஈடி பர்டியூவில் இரண்டு முறை நாட்டின் சிறந்த ஆட்டக்காரர் ஆனவர், அந்தக் காசை எடுக்க அவருக்கே மாணவர் விசா குறுக்கே நின்றது.

சரி, நம்மில் பெரும்பாலானவர்களுக்கு வருகிற அழைப்பு டிவிஷன் 2 இலிருந்துதான். அங்கே ஒரு கூடைப்பந்து அணிக்கு மொத்தமாகப் பத்து முழுப் புலமைப்பரிசில்களின் பெறுமதிதான் வரம்பு, அதைப் பயிற்சியாளர் பதினைந்து பேருக்குப் பிரித்துக் கொடுப்பார். அதனால்தான் பாதி, கால் என்று வருகிறது. இப்போது கணக்குப் போடுங்கள். படிப்பு, விடுதி, சாப்பாடு எல்லாம் சேர்த்து வருடம் 36,000 அமெரிக்க டொலர் என்று வைத்தால், பாதி போக மிச்சம் 18,000. ஒரு அமெரிக்க டொலர் 1.40 கனேடிய டொலர் என்றால் அது 25,200, நான்கு வருடத்துக்கு ஒரு இலட்சத்தைத் தாண்டும். விமானச் செலவும் மருத்துவக் காப்புறுதியும் வேறு. கனேடிய டொலரின் மதிப்பு விழுந்தால் நம் பக்கச் செலவுதான் கூடும், புலமைப்பரிசில் கூடாது. அதோடு அந்தப் பாதியும் பெரும்பாலும் வருடத்துக்கு வருடம் புதுப்பிப்பது. முழங்கால் போனாலோ, கூப்பிட்ட பயிற்சியாளர் வேறு இடத்துக்குப் போய் புதியவர் தன் ஆட்களைக் கொண்டுவந்தாலோ, மூன்றாம் வருடம் முழுக் கட்டணத்தோடு நிற்க வேண்டி வரலாம்.

இங்கே கலை, அறிவியல் படிப்புக்குக் கட்டணங்கள் சேர்த்து வருடம் 7,000 – 8,000 கனேடிய டொலர். 2019 இல் ஒன்ராறியோ அரசு உள்ளூர் மாணவர் கட்டணத்தைப் பத்து விழுக்காடு குறைத்தது இன்னும் உதவுகிறது. யு ஸ்போர்ட்ஸ் புலமைப்பரிசில் கல்விக் கட்டணத்தையும் கட்டாயக் கட்டணங்களையும் தாண்டாது, ஒன்ராறியோவில் நீண்ட காலம் அதற்கும் கீழேதான் வரம்பு இருந்தது. இருந்தாலும், அது முழுதாகக் கைவிட்டுப் போனால்கூட வீடு தாங்கும், அதுதான் எங்களுக்கு முடிவைத் தந்தது. வேறு நகரத்தில் விடுதி எடுத்துத் தங்கினால் இந்த வித்தியாசம் நன்றாகச் சுருங்கிவிடும் என்பதையும் சொல்ல வேண்டும், மகள் வீட்டிலிருந்து போய்வருகிறாள்.

இங்கே ஆட்டம் தரமில்லை என்கிறவர்களுக்கு: 2014 இல் அமெரிக்கக் கல்லூரிப் போட்டியின் கடைசி நான்கு அணிகளில் ஒன்றாக நின்ற விஸ்கொன்சினை அதற்கு முந்தைய ஆகஸ்டில் ஒட்டாவாவில் வைத்து வென்றது அந்த ஊர்ப் பல்கலைக்கழகமான கார்ல்டன். 2003 முதல் 2023 வரை யு ஸ்போர்ட்ஸ் ஆண்கள் பட்டம் 17 முறை அவர்களுக்கு, 2023 இல் பெண்கள் பட்டமும் அவர்களுக்கே. எல்லா அணியும் கார்ல்டன் இல்லை, அது உண்மை. இங்கே ஐந்து பருவம் ஆடலாம், உலகக் கூடைப்பந்துச் சம்மேளனமான ஃபீபாவின் விதிகளில் ஆடுகிறார்கள், ஐரோப்பாவில் ஆட நினைப்பவருக்கு அது பழக்கம். பையன்கள் என்றால் கோடையில் கனடாவின் தொழில்முறை லீக்கான சிஇபிஎல் அணியில் ஆடிவிட்டு, பல்கலைக்கழகத்தில் ஆடும் தகுதி போகாமல் திரும்பி வரலாம்.

சிசிஏஏ கல்லூரிகளை, அதாவது பல்கலைக்கழகம் அல்லாத கனடாக் கல்லூரிகள் ஆடும் லீக்கை, சும்மா ஒதுக்காதீர்கள். மதிப்பெண் கொஞ்சம் குறைந்த பிள்ளைக்கும், உயரம் தாமதமாக வருகிற பிள்ளைக்கும் ரொறன்ரோவின் ஹம்பர் போன்ற இடங்கள் நல்ல வழி. ஆனால் அங்கே ஆடிய பருவங்கள் பிறகு யு ஸ்போர்ட்ஸ் ஐந்தில் கழியும். கனடாவின் மேற்கு மாகாணங்களையும், டிவிஷன் 1, 2 க்கு வெளியே என்ஏஐஏ என்ற வேறு அமைப்பில் ஆடும் சிறிய கல்லூரிகளையும் நாங்கள் கிட்டப் போய்ப் பார்க்கவில்லை, அங்கே கணக்கு வேறாக இருக்கலாம்.

எந்தப் பக்கம் போனாலும் ஒன்பதாம் வகுப்பிலிருந்தே பாடங்களைக் கவனியுங்கள். டிவிஷன் 1, 2 இரண்டுக்கும் அந்த அமைப்பு அங்கீகரித்த 16 உயர்நிலைப் பள்ளிப் பாடங்கள் வேண்டும், பன்னிரண்டாம் வகுப்பில் வந்து தேடினால் பிந்திவிடும். அப்புறம் பயிற்சியாளரிடம் ஒரே கேள்வி: அணியில் பிள்ளை ஆடும் அதே நிலையில் ஆடுகிறவர்களில் எத்தனை பேர் அடுத்த வருடம் திரும்பி வருகிறார்கள்? பதிலை மின்னஞ்சலில் கேளுங்கள்.